மேலே போன குரல்

கரிசலூரில் சாயங்கால ஷிப்டுக்குப் போகும் மில் பெண்கள் தங்கள் கைப்பிள்ளைகளைப் பழைய பஞ்சுக் கிட்டங்கியின் கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டுவிட்டுப் போவார்கள். கூரையைத் தாங்கும் பனங்கைகளில் துரிஞ்சில் வௌவால்களின் குட்டிகள் ஏற்கெனவே நெருக்கமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே இடம் பார்த்து, ஏணியில் ஏறி, பிள்ளையின் பாதத்தைக் கட்டையில் பொருத்தினால் போதும். உடம்பின் எடை கீழே இழுக்கும். இழுத்ததும் பாதத்து நரம்பு தானாகப் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பிள்ளை தூங்கலாம், சிரிக்கலாம், தும்மலாம், விழாது.

துரிஞ்சில் தாய்மாரும் அதே நேரத்தில்தான் வேலைக்குக் கிளம்புவார்கள். அவர்களுக்குப் பூச்சி பிடிக்கிற வேலை. மில் சங்கு ஊதியதும் பெண்கள் வாசல் வழியாகவும் வௌவால்கள் சன்னல் வழியாகவும் போவார்கள். விடியும்போது இரண்டு கூட்டமும் திரும்பி வரும். அந்த நேரத்தில் கிட்டங்கிக்குள் ஒரே கூச்சலாக இருக்கும். ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையைத் தனக்கென்று இருக்கிற குரலில் கூப்பிடுவாள். அத்தனை கூச்சலிலும் பிள்ளை அந்த ஒரு குரலைப் பிரித்தெடுத்துப் பதில் கொடுக்கும். பதில் வந்த இடத்துக்கு நேர்கீழே தாய் போய் நின்றதும் பிள்ளை காலை விடும். கையில் வந்து விழுந்த பிறகு கழுத்தில் முகத்தை வைத்து முகர்ந்து பார்க்கும். அம்மாதான் என்று வாசனையிலும் உறுதியான பிறகே பாலுக்கு வாய் திறக்கும்.

கிட்டங்கியைப் பார்த்துக்கொள்கிற எஸ்தர் அக்கா புதிதாக வருகிற தாய்மாரிடம் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவைப்பாள். தொங்குகிற பிள்ளையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுக்க இழுக்கப் பூட்டு இறுகும். பிடித்துக்கொண்டிருக்கப் பிள்ளைக்கு ஒரு பலமும் வேண்டாம். விடுவதற்குத்தான் பலம் வேண்டும். அந்தப் பலம் அம்மா குரலைக் கேட்டால்தான் வரும். தொங்குகிறவரை பிள்ளை பாலும் குடிக்காது.

பெருமாள்சாமி தண்ணி லாரி ஓட்டுகிறவன். தினமும் விடியற்காலையில் தூக்குச்சட்டியில் டீ வாங்கிக்கொண்டு கிட்டங்கி வாசலில் வந்து நிற்பான். அவன் மனைவி வெயிலுகந்தாள் ஷிப்டு முடிந்து வந்து, மகள் கோமுவை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வெளியே வரும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். மில்லில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், எந்த மிஷின் மக்கர் பண்ணியது, சூப்பர்வைசர் எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார் என்று வீடு வரைக்கும் ஓடும். பெருமாள்சாமி பேச்சுக் குறைந்தவன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சை அவள்தான் பேசிவந்தாள். அவனுக்கு அது வசதியாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

அவள் கோமுவைக் கூப்பிடுகிற விதத்தை அவன் வாசலில் நின்றபடியே பிரித்துக் கேட்பான். வார்த்தை ஒன்றும் இருக்காது. மேலே ஏறும், ஓரிடத்தில் சற்று நிற்கும், பிறகு வழுக்கிக்கொண்டு இறங்கும். அவ்வளவுதான்.

அந்த வருஷம் மில்லில் புது மிஷின்கள் வந்திருந்தன. பழையவற்றைவிட அவை கூடுதலாக இரைந்தன. பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேச, அந்த இரைச்சலுக்கு மேலே ஏறிப் பேசப் பழகிக்கொண்டார்கள். பேசாமல் இருக்க முடியாத வெயிலுகந்தாள் எல்லோரையும்விட உயரத்தில் ஏறிப் பேசினாள். வாரத்துக்கு வாரம் அவள் குரல் ஒல்லியாகிக்கொண்டே போனது. வீட்டில் அவள் "சோறு வைக்கட்டா" என்று கேட்டால் எவர்சில்வர் தட்டு அதிர்ந்தது.

ஆடிக் காற்று ஓய்ந்த சமயத்தில், ஒரு விடியற்காலை பாக்கியத்தாய் கிட்டங்கியிலிருந்து வெளியே வந்து பெருமாள்சாமியைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவளும் வெயிலுகந்தாளும் மில்லில் ஒரே வரிசையில் வேலை பார்க்கிறவர்கள்.

"அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க. வெயிலாவுக்குக் குரல் வரல."

உள்ளே மற்றப் பிள்ளைகளெல்லாம் இறங்கிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. கோமு மட்டும் கிழக்குப் பக்கத்துப் பனங்கையில் தொங்கிக்கொண்டிருந்தாள். கீழே வெயிலுகந்தாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். பெருமாள்சாமியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு, தொண்டையைத் தொட்டுக் காட்டி, இல்லை என்பதுபோல விரலை விரித்தாள்.

"தம்பி, நீ கூப்பிட்டுப் பாரு" என்றாள் எஸ்தர் அக்கா.

அவன் கூப்பிட்டான். "கோமு... ஏ கோமு..." கோமுவின் காதுகள் அவன் பக்கம் திரும்பின. அப்பாவின் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கால் விடவில்லை. வௌவால் வீட்டிலும் அப்படித்தான், அப்பன் குரலுக்குப் பிள்ளை இறங்குகிற வழக்கம் கிடையாது.

"குரல் வரட்டும். வந்ததும் இறங்கிடுவா" என்றாள் எஸ்தர் அக்கா.

அவன் வெயிலுகந்தாளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டரம்மா நாக்கைத் தட்டையான கட்டையால் அமுக்கி, டார்ச் அடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"தொண்டையில புண்ணு கிண்ணு ஒண்ணும் இல்ல. குரல்நாண் மட்டும் நல்லா மெலிஞ்சு, முறுக்கேறி இருக்கு. சும்மா இருக்கிற தொண்டை மாதிரித் தெரியல, வேலை செய்யுற தொண்டை மாதிரித்தான் இருக்கு."

"மருந்து ஏதும் உண்டாம்மா?"

"நல்லா இருக்கிறதுக்கு நான் என்ன மருந்து குடுக்க? வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க."

வெந்நீர் குடித்தாள். குரல் வரவில்லை. மறுநாளும் கோமு இறங்கவில்லை. வெயிலுகந்தாளுக்கு மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் போல வந்தது. பாக்கியத்தாய் தன் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள்.

"இவன் குடிக்கட்டும்ளா. எனக்கு எப்பவும் பத்தாதுதான். உனக்கும் வலி கொறையும்."

வெயிலுகந்தாள் அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமாள்சாமி அவள் தோளில் கை வைத்தான். அந்த வீட்டில் அப்படிப்பட்ட நேரங்களில் சொல்ல வேண்டியதைச் சொல்கிறவள் அவள்தான்.

அடுத்த நாள் எஸ்தர் அக்கா ஏணியில் ஏறி கோமுவின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"குளிர ஆரம்பிச்சிட்டா" என்றாள்.

பெருமாள்சாமியும் ஏறித் தொட்டுப் பார்த்தான். கோமுவின் கை மண்பானை போலக் குளிர்ந்திருந்தது. நெஞ்சில் காதை வைத்தான். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே அவன் ஒரு முழு மூச்சு விட்டு இழுக்க முடிந்தது. முகம் அமைதியாக இருந்தது.

"பசி தாங்காம செய்யுறதுதான் தம்பி. வௌவாலும் அப்படித்தான், தீனி கெடைக்காத காலத்துல அடுப்பத் தணிச்சு வச்ச மாதிரி உடம்பத் தணிச்சுக்கிடும். பயமில்ல, உசுருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா முழுசாக் குளுந்துட்டா அப்புறம் பருவம் மாறித்தான் எந்திரிக்கும். அது ஒரு பருவமா, ஏழெட்டு வருஷமா, யாருக்குத் தெரியும்? தூங்குற வரைக்கும் வளரவும் செய்யாது."

தபால்காரர் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அவருடைய மூத்த பையன் குளிர்ந்துபோய்த் தூங்கி எழுந்தபோது, இளையவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். இப்போது மூத்தவன் இளையவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறான். நல்ல பையன்கள்தான், ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மா மட்டும் மூத்தவனைப் பார்க்கும்போதெல்லாம் எதையோ மறந்துவிட்டு வந்தவள் போல நிற்பாள்.

பெருமாள்சாமி அன்றைக்கே கூப்பிடப் பழக ஆரம்பித்தான்.

வெயிலுகந்தாளின் கூவலை அவன் எத்தனையோ காலையில் கேட்டிருக்கிறான். ஏறவேண்டும், நிற்கவேண்டும், வழுக்கி இறங்கவேண்டும். லாரியை ஓட்டிக்கொண்டே கூப்பிட்டுப் பார்த்தான். அவனுடையது கட்டைக் குரல். ஏறும்போது பாதியில் உடைந்தது. தெருக்களில் பெண்கள் லாரிக்குப் புது ஹாரன் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, முறை இல்லாத தெருவிலும் குடத்தோடு வந்து நின்றார்கள். அவன் அவர்களுக்கும் தண்ணீர் விட்டான்.

சாயங்காலம் வீட்டில் அவள் எதிரே உட்கார்ந்து கூப்பிட்டான். அவள் இல்லையென்று தலையாட்டினாள். கையை உயர்த்தி, இன்னும் மேலே, இன்னும் மேலே என்றாள். உச்சியில் கையை அப்படியே நிறுத்திவைத்தாள். அவன் அங்கே நிற்காமல் அவசரப்பட்டு இறங்கிவிட்டான். அவள் அவன் முகவாயைப் பிடித்து நிறுத்தினாள். மறுபடி ஏறினான். இந்தத் தடவை அவளுடைய விரல் விடும்வரை உச்சியில் நின்றான். விரல் விட்டதும் இறங்கினான். அவள் கண் கலங்கியது. அவனுக்கும் கலங்கியது.

விடிந்ததும் கிட்டங்கிக்குப் போய், எல்லோர் முன்பாகவும் கோமுவுக்குக் கீழே நின்று அப்படிக் கூப்பிட்டான். கோமு அசையவில்லை. மேற்குப் பக்கத்திலிருந்து வேறொரு பிள்ளை காலை விட்டு அவன் கையில் வந்து விழுந்தது. கழுத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, ஏமாந்துபோய், உதட்டைப் பிதுக்கியது. எஸ்தர் அக்கா அந்தப் பிள்ளையை வாங்கிக்கொண்டுபோய் மறுபடி தொங்கவிட்டாள்.

"இது சரோஜா மக. சரோஜா மூக்கடச்சா இப்பிடித்தான் கூப்பிடுவா" என்றாள்.

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும். அன்று லாரியில் அவன் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

வெயிலுகந்தாளுக்கு மில்லில் லீவு கொடுத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வீட்டில் டியூப் லைட்டைச் சுற்றி அந்துப்பூச்சிகள் மொய்த்தன. பெருமாள்சாமி சோறு பொங்கி, ரசம் வைத்து, தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். அவள் தொடவில்லை.

"ரெண்டு வாய் சாப்பிடு. நாளைக்கும் போகணும்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வாய் அசைய ஆரம்பித்தது. சத்தம் இல்லைதான், ஆனாலும் அவள் பேசினாள். குரல் போன நாளிலிருந்து அவள் வாயைத் திறந்து பேச முயலவே இல்லை. சத்தம் வராத வாயை யாரும் பார்க்க வேண்டாமென்று மூடியே வைத்திருந்தாள். இப்போது எல்லாம் சேர்த்துக் கொட்டினாள். பிள்ளை தொங்குது, எனக்குச் சோறா, யார் கேட்டது இந்த மில் வேலையை, அந்தப் புது மிஷின் நாசமாப் போக. உதடுகளைப் பார்த்தே அவனுக்குப் புரிந்தது. அவள் எப்போதும் திட்டுகிற வரிசையில்தான் திட்டினாள்.

தட்டில் ஒரு அந்துப்பூச்சி விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் டியூப் லைட்டைச் சுற்றிக்கொண்டிருந்த பூச்சிகளெல்லாம் ஒரே நேரத்தில் சிறகை மடக்கிக்கொண்டு கல்லைப் போலத் தரையில் விழுந்தன.

பெருமாள்சாமி ஒரு பூச்சியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். சாகவில்லை. சற்று நேரம் கிடந்துவிட்டு, சிறகை விரித்து, எழுந்து பறந்தது. விழுந்த மற்றவையும் ஒவ்வொன்றாக எழுந்து விளக்கைச் சுற்றப் போயின.

"திரும்பச் சொல்லு" என்றான்.

அவள் என்ன என்பதுபோலப் பார்த்தாள்.

"இப்பத் திட்டினேல்லா, அதத் திரும்பத் திட்டு."

அவள் திட்டினாள். பூச்சிகள் விழுந்தன.

துரிஞ்சில் வருகிறது என்று காதில் பட்டால் அந்துப்பூச்சி இப்படித்தான் விழும். பறந்துகொண்டிருந்தால் பிடித்துவிடும் என்று அதற்குத் தெரியும். பெருமாள்சாமி சன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். வெளியே வௌவால் எதுவும் இல்லை. உள்ளே வந்து அவள் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தான்.

"ஏளா, உன் குரல் போகல. மேல போயிருக்கு. நம்ம காதுக்கு மேல."

அவள் தொண்டையைத் தொட்டுக்கொண்டாள்.

"உனக்கே கேக்கலயா?"

அவள் தலையசைத்து இல்லை என்றாள். பிறகு பல்லைத் தொட்டுக் காட்டி, அங்கே கூசுகிறது என்று சைகை செய்தாள்.

"கோமுன்னு சொல்லு."

சொன்னாள். ஒரே ஒரு பூச்சி விழுந்தது.

"என் பேரச் சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் பேரைச் சொன்னதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, உதட்டை அதிகம் அசைக்காமல் சொன்னாள். இரண்டு பூச்சிகள் மெல்ல இறங்கி அவன் சட்டையில் உட்கார்ந்தன. அவன் ரசம் சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஊட்டினான். அவள் சாப்பிட்டாள்.

விடியற்காலை அவர்கள் கிட்டங்கிக்குப் போனபோது வௌவால்கள் திரும்பிக்கொண்டிருந்தன.

"அக்கா, இவ குரல் மேல போயிருக்கு. அதுதான் விஷயம்" என்றான்.

"எம்புட்டு மேல?"

"நமக்குக் கேக்காத அளவுக்கு."

எஸ்தர் அக்கா கூரையைப் பார்த்தாள். "அப்ப இவுகளுக்குக் கேக்குமே" என்றாள்.

வெயிலுகந்தாள் கோமுவுக்குக் கீழே போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டாள். பெருமாள்சாமிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கூரை முழுக்க இருந்த துரிஞ்சில்களின் காதுகள் காற்றடித்த இலைகள் போல ஒரே பக்கம் திரும்பின. பறந்துகொண்டிருந்தவை வளைந்து வந்து அவள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றின. ஒரு தாய் வௌவால் அவள் தோளில் வந்து உட்கார்ந்து, முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, தன் பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போனது.

கோமு மட்டும் அசையவில்லை.

எஸ்தர் அக்கா ஏணியில் ஏறிப் பார்த்தாள். "நல்லாக் குளுந்துட்டா. இவ்வளவு குளுந்தா காதுல விழுந்தாலும் உள்ள போகாது. மொத சூடு ஏறணும்."

"வெந்நீர் ஒத்தடம் குடுக்கலாமா அக்கா?" என்று கேட்டாள் பாக்கியத்தாய்.

"வெளிச்சூடு ஆகாதுளா. ஒடம்புச் சூடுதான் வேணும். மேல தொங்குறவுகதான் குடுக்கணும்."

பெருமாள்சாமி வெயிலுகந்தாளைப் பார்த்தான். அவள் யோசித்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, கூரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு ஆழாக்கு அரிசி கேட்கிற முகத்தோடு பேசினாள். அவன் உதடுகளைப் படித்தான். நீங்களும் ராத்திரி பூராவும் வேலை பாத்துட்டு வந்திருக்கீக. அசதியாத்தான் இருக்கும். எம் பிள்ளை குளுந்து கெடக்கா. கொஞ்சம் நெருங்கி இருந்துகிட்டா நல்லது. உங்க பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டே வாங்க.

சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கோமுவுக்குப் பக்கத்தில் தொங்கிய வௌவால் கட்டையிலேயே நகர்ந்து வந்து அவள் தோளோடு ஒட்டிக்கொண்டது. அதன் நெஞ்சில் குட்டி தொங்கியது. அடுத்தது வந்தது. மேற்குப் பக்கத்திலிருந்தும் வந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, சிறகை மடக்கி, நெருக்கிப் பிடித்துக்கொண்டன. கோமுவின் பாதமும் மூக்கின் நுனியும் தவிர மற்றதெல்லாம் மறைந்துபோயிற்று. பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளி மூட்டை தொங்குவது போல இருந்தது. அந்த மூட்டை முழுக்க மெல்ல நடுங்கியது. வௌவால்கள் தசையை நடுக்கித்தான் சூடு உண்டாக்கும்.

பெண்கள் தங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சன்னலில் வெயில் ஏறியது. பெருமாள்சாமி கொண்டுவந்த டீ ஆறிப்போயிற்று.

மூட்டைக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது.

வௌவால்கள் ஒவ்வொன்றாக விலகின. கோமு கண்ணைத் திறந்திருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. வெயிலுகந்தாள் கூப்பிட்டாள். கோமுவின் காது திரும்பியது. ஆனால் புருவம் சுருங்கியது. இந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெயிலுகந்தாள் ஏணியில் ஏறித் தன் கழுத்தைப் பிள்ளையின் மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். கோமு முகர்ந்தாள். வாசனை அம்மாவுடையது. வெயிலுகந்தாள் இறங்கி வந்து, கீழே நின்று, கையை ஏந்தி மறுபடி கூப்பிட்டாள். கோமுவின் ஒரு கால் விரல்கள் விரிந்தன. பிறகு மறுபடி மூடிக்கொண்டன. வாசனை ஒன்று சொன்னது, குரல் வேறொன்று சொன்னது. நடுவில் பிள்ளை தவித்தாள். அழ ஆரம்பித்தாள்.

"அவசரப்படுத்தாதீங்க" என்றாள் எஸ்தர் அக்கா.

பெருமாள்சாமி மனைவிக்குப் பின்னால் போய் நின்றான். அவள் முதுகில் நெஞ்சைச் சேர்த்துவைத்தான். அவள் மூச்சை இழுப்பது அவனுக்குத் தெரிந்தது. அவள் கூப்பிட ஆரம்பித்த அதே கணத்தில் அவனும் கூப்பிட்டான். அவள் ஏறும்போது ஏறினான். குரல் உடைந்தது, உடைந்தபடியே ஏறினான். உச்சியில் அவள் நின்றபோது அவனும் நின்றான். அவள் மேலே எங்கோ நின்றாள், அவன் கீழே எங்கோ நின்றான், நடுவில் பழைய குரல் இருந்த இடம் காலியாக இருந்தது. அவள் முதுகு தளர்ந்தபோது அவனும் இறங்கினான்.

கோமு அழுகையை நிறுத்தினாள். யோசிப்பது போல இருந்தாள். பிறகு முதலில் ஒரு காலையும், அப்புறம் இன்னொரு காலையும் விட்டாள்.

வெயிலுகந்தாளின் கையில்தான் விழுந்தாள். கழுத்தில் முகத்தைப் புதைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு கையை நீட்டிப் பெருமாள்சாமியின் மோவாயையும் பிடித்து இழுத்து அவன் கழுத்தையும் முகர்ந்தாள். அதற்கப்புறம் வாயைத் திறந்தாள். வெயிலுகந்தாள் அப்படியே பஞ்சுக் கழிவின்மேல் உட்கார்ந்து பால் கொடுத்தாள். பெருமாள்சாமியும் பக்கத்தில் உட்கார்ந்தான். பாக்கியத்தாய் ஆறிய டீயை டம்ளரில் ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். மேலே வௌவால்கள் தங்கள் தங்கள் இடத்துக்குப் போய்த் தூங்க ஆரம்பித்தன.

வெயிலுகந்தாளின் குரல் அதன் பிறகு கீழே வரவில்லை. அவளும் அதைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. மில்லுக்குத் திரும்பவும் போனாள். இரைச்சலுக்கு மேலே பேச வேண்டிய அவசியம் இல்லாததால் அவளுக்கு வேலை முன்னைவிடச் சுலபமாக இருந்தது. பெருமாள்சாமி வீட்டில் இன்னொரு டியூப் லைட் மாட்டினான். பூச்சி அதிகம் வந்தால் அவள் பேச்சின் ஏற்ற இறக்கம் நன்றாகப் புரிந்தது. பதிலுக்கு அவனும் பேச வேண்டியிருந்தது. நாளாக ஆக, வண்டி ஓட்டும்போது பார்த்ததையெல்லாம் அவளிடம் சொல்ல ஆரம்பித்தான். சில நாள் அவன் பேசி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போயிற்று. அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு துரிஞ்சில் தாய் சாயங்காலம் வேலைக்குப் போகிற வழியில் அவர்கள் சன்னலில் சற்று உட்கார்ந்து வெயிலுகந்தாளோடு பேசிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. என்ன பேசினீர்கள் என்று அவன் கேட்பதில்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஒரு விடியற்காலை மில்லுக்குப் போகிற ஓடைப்பாலத்தில் வெள்ளம் வந்து, ஷிப்டு முடிந்த பெண்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். கிட்டங்கியில் பிள்ளைகள் பசித்து முனகின. பெருமாள்சாமி கோமுவுக்குக் கீழே நின்று கூப்பிட்டான். கோமு ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. விழுந்து, முகர்ந்து, அவன் சட்டையில் முகத்தைத் தேய்த்தாள்.

சட்டை நனைந்திருந்தது. தண்ணி லாரிக்காரனுக்குச் சட்டை நனைவது புதிதல்ல, அதுவும் மழைநாள். ஆனால் நெஞ்சின் இரண்டு பக்கமும் வட்டமாக மட்டும் நனைந்திருந்தது, கதகதப்பாகவும் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். இனித்தது.

"என்ன தம்பி?" என்றாள் எஸ்தர் அக்கா.

"பால் எறங்கியிருக்கு அக்கா."

அவள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, மழைச்சாரல் அடிக்காத மூலையாகப் பார்த்துப் போட்டாள். "முதுகச் சாச்சு உக்காரு. குனிஞ்சு குடுத்தா இடுப்பு பிடிச்சுக்கிடும்" என்றாள். பெருமாள்சாமி சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். கோமு குடித்தாள். குடித்துக்கொண்டே ஒரு கையால் அவன் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

மதியம் வெள்ளம் வடிந்த பிறகு அவன் லாரியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குப் போனான். அங்கே மற்ற டிரைவர்கள் காத்து நின்றார்கள். அவன் சட்டையைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து குழாயைத் தானே வாங்கி அவனுடைய டேங்கில் மாட்டினான். இன்னொருவன் அவனை வண்டி நிழலில் உட்காரவைத்தான்.

சாயங்காலம், அங்கே நின்ற டிரைவர்களில் ஒருவனான அந்தோணிப்பிச்சை, தூத்துக்குடிக்கு லோடு போய்விட்டுத் திரும்புகிற வழியில், அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, வாழை இலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினான். உள்ளே, பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊறக் கொடுக்கிற பால்சுறா மீன் இருந்தது.

"பூண்டு நெறையப் போட்டுப் புட்டு வச்சுச் சாப்பிடுங்கண்ணே. கொஞ்ச நாளைக்குக் காரம் மட்டும் சேக்காதீங்க" என்றான்.